நெய்யூருக்கு அனுப்பிய மாதிரி

தேங்காய்ப்பட்டணம்
20-4-1953

கோட்டாற்றில் ஜவுளிக்கடை நடத்தும் மதிப்புக்குரிய மச்சான் மீரான் பிள்ளை அவர்களுக்கு, உங்கள் தங்கை ஹபீபாவின் மாப்பிள்ளை கருவாட்டு வியாபாரி மைதீன் கனி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வீடு, கடை, கறவை மாடு எல்லாம் சுகம். அங்கும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

என் இடது கீழிமையில் இருக்கும் கட்டியைப் பற்றி நீங்கள் போட்ட கார்டு வந்தது. "கான்சராக இருக்கலாம், உடனே நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டு" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள். கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பார் என்று யோசிக்க வேண்டாமா மச்சான்? அவர் படித்து, மீன்சந்தை முழுக்கக் கேட்டு, கடைசியில்தான் என் கைக்கு வந்தது. கருவாடு வாங்க வந்தவர்கள் விலை கேட்பதை விட்டுவிட்டு என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கட்டி ஒன்றரை வருடமாக இருக்கிறது, மிளகளவு. வலி கிடையாது. அவ்வப்போது பொருக்குத் தட்டும், உதிரும், கொஞ்சம் ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். கண்கட்டிதான். பூண்டு உரசிப் பார்த்தேன், போகவில்லை. பூண்டு பழசு. ஆனாலும் நீங்கள் மூத்தவர், உங்கள் சொல்லைத் தட்டக்கூடாது என்று காரியத்தை வியாபார முறைப்படி செய்தேன். நூறு சாக்குக் கருவாட்டையும் நாம் கொச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறோமா? ஒரு பிடி மாதிரி அனுப்புகிறோம், அதைப் பார்த்து அங்குள்ள வியாபாரி மொத்தச் சரக்கின் தரத்தையும் சொல்லிவிடுகிறான். நம் கடையில் சிப்பம் கட்டும் இனயத்துக்காரன் இஞ்ஞாசிக்கும் அதே இடது கீழிமையில் அதே மிளகளவுக் கட்டி. அவனை நெய்யூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தான்.

"மொதலாளி, வெறும் கண்கட்டியாக்கும். வெந்நீர் ஒத்தடம் போடச் சொன்னாரு. நாலு நாள்ல போயிருமாம்."

"கேட்டியா ஹபீபா?" என்றேன்.

"அவனுக்க கட்டி போனா உங்களுக்க கட்டி போயிருமா?" என்றாள் உங்கள் தங்கை.

"ஒரே சாக்குச் சரக்கு, பிள்ளே."

"அவனுக்கு முப்பத்தஞ்சு, உங்களுக்கு அம்பத்தெட்டு. அவனுக்கு வந்து பத்து நாளு, உங்களுக்கு வந்து ரெண்டு பெருநாள் கழிஞ்சாச்சு. என்னமாக்கும் ஒரே சாக்கு?"

பெண்களுக்கு மாதிரி பார்த்துச் சரக்கு மதிக்கும் வித்தை தெரியாது.

நான் அதோடும் நிற்கவில்லை. ஒரு வாரமாகக் கடப்புறத்தில் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம், நம்மூரிலிருந்து இனயம் வரைக்கும், ஆட்களின் இமையைப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்தேன். நானூறு பேரில் இமையில் ஆறாத புண் உள்ளவர்கள் ஏழு பேர். ஏழில் ஆறு கீழிமை. ஏழு பேரும் ஐம்பது தாண்டியவர்கள். கரமடி வலை இழுத்தும் வள்ளம் ஏறியும் முப்பது வருடம் தண்ணீரில் தெறிக்கும் வெயிலைக் கண் சுருக்கிப் பார்த்தவர்கள். தலையில் துணியிட்டு மீன் காயப்போடும் பெண்களில் ஒருத்திக்கும் இல்லை. இனயத்தில் ஒருத்தி மட்டும், "என்ன ஓய், எனக்க மொகத்தையே பாத்துட்டு நிக்கீரு?" என்று துடைப்பத்தை எடுத்தாள். அந்தத் தெருவை விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு என் கணக்கில் குறை உண்டு.

வியாதி பெருகிவிட்டது என்று சந்தையில் பேச்சு. தப்பு. இஞ்ஞாசியை விட்டு டாக்டரிடம் கேட்டேன். முன்பு வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வருவார்களாம், இப்போது பத்துப் பன்னிரண்டு பேராம். கூடினது வியாதியில்லை மச்சான், பஸ். முன்பு வீட்டிலேயே கண்ணைப் பறிகொடுத்துக் கிடந்தவர்கள் இப்போது டிக்கெட் எடுத்து வருகிறார்கள்.

ஆக, இது வெயிலுக்கு முகம் கொடுத்த வயதாளிகளின் வியாதி. நானோ கூரைக்கடியில் உட்கார்ந்திருப்பவன். இதை உங்கள் தங்கைக்கு விளக்கிச் சொன்னேன்.

"கடை வச்சு எட்டு வருசம். அதுக்கு முன்ன இருவத்தஞ்சு வருசம் வெறுந்தலையோட கடலப் பாத்து நின்னு மீன் ஏலம் எடுத்தது யாரு, எனக்க வாப்பாவா?" என்றாள்.

அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் நான் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிட்டேன்.

எனவே கவலை வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் இங்கே ஓடி வரவும் வேண்டாம். நோன்பு பிறக்கும் முன் நானே அங்கு வருகிறேன். இனிமேல் கவரில் எழுதவும். மதினிக்கு சலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

உங்கள் மச்சான்
மைதீன் கனி

பின்குறிப்பு: கவர் ஒட்டாமல் கிடந்த மூன்று நாளில் காரியம் மாறிவிட்டது. மறுபடி காட்டப் போன இஞ்ஞாசியிடம், இத்தனை கேள்வி யாருக்காக என்று டாக்டர் விசாரிக்க, அவன் உண்மையை உளறிவிட்டான். டாக்டர் முதலில் சிரித்தாராம், பிறகு சிரிக்கவில்லையாம். "மாதிரி நல்ல மாதிரி. சரக்கு வரட்டும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். போனேன். இமையை விரலால் இழுத்துப் பார்த்து, "இங்கே முடி எப்போது உதிர்ந்தது?" என்றார். கட்டி இருக்கும் இடத்தில் ஒரு முடி இல்லை மச்சான். தினமும் கண்ணாடி பார்த்துத் தாடி ஒதுக்குகிற நான் அதைப் பார்க்கவில்லை. இஞ்ஞாசிக்கு அத்தனையும் நிற்கிறது; வெறும் கண்கட்டியில் முடி இப்படிக் கொட்டாதாம். எனக்கு இருப்பது கான்சர்தான். மெல்ல நகரும் ஜாதி, இப்போதே வெட்டினால் கண் தப்பும், நோன்பு கழியட்டும் என்று நின்றால் தன்னால் சொல்ல முடியாது என்றார். நாளைக் காலையில் வெட்டுகிறார்கள். ஏழு பேர் விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எட்டாவதாக என் பேரை நானே எழுதிக் கொடுத்தேன். அந்த ஏழு பேரையும் கூட்டிவர இஞ்ஞாசி போயிருக்கிறான்.

இதை ஆஸ்பத்திரியில் வைத்து எழுதி, கோட்டாறு போகும் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். எனக்குப் பயம் ஒன்றும் கிடையாது. ஹபீபாதான் வெளியே பெஞ்சில் ஒற்றைக்கு இருப்பாள். முதல் பஸ்ஸுக்கே வாங்க மச்சான்.