மேல்மாடியிலிருந்து பதில் இல்லை

“கேட்கிறதா?” என்று கீபோர்டில் மறுபடியும் தட்டினான் கனெக்‌ஷன். திரை ‘ம்’ என்றுகூடச் சொல்லவில்லை.

மெஷின்களை ஒன்றோடொன்று பேச வைப்பது அவன் வேலை என்பதால் ஆபீஸில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் அது. மேல்மாடியில் மெயின்ஃப்ரேம் என்று பீரோ அளவுக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர். கம்பெனியின் கணக்கு வழக்கெல்லாம் அதன் வயிற்றில். கீழ்மாடியில் மேசைக்கு மேசை கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவில் தூது போக ஒரு புது சர்வர் வந்திருந்தது. அது ஒழுங்காகத் தூது போகிறதா என்று பார்ப்பதற்கு, கூடவே இரண்டு மாதிரி புரோகிராம்கள் தந்திருந்தார்கள். ஒன்று கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும். வந்தபடியே ஏற்றினால் இரண்டும் அந்த சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து தமக்குள் பேசிக்கொண்டிருக்கும். பதில் சொல்லும் வேலையை மேல்மாடிக்கு மாற்றிவிடுவதுதான் முதல் காரியம். கனெக்‌ஷன் தன் பக்கத்து அமைப்புகளைக் காலையில் வந்ததுமே அப்படி மாற்றிவிட்டான்.

சாயங்காலத்துக்குள் மேனேஜரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரமாக வழி பிறக்கும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்.

மாடியேறி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் மேல்மாடி ஆபரேட்டர் அவன் மனைவியின் அண்ணன். போன மாதம் மச்சான் வீட்டு வாஷிங் மெஷினைச் சரி பண்ணுகிறேன் பேர்வழி என்று பிரித்துப் போட்டான். திரும்ப மாட்டியபோது மூன்று திருகாணி மிச்சம். “மாப்பிள்ளைக்கும் மெஷினுக்கும் ஆகாது” என்று வீடு நிறைய ஆள் இருக்கும்போது மச்சான் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஊரில் இருக்கிற மெஷினையெல்லாம் பேச வைக்கிறவர், சொந்த மச்சானோடு பேச மாட்டாராம்!

ஆகவே நடுவில் மனைவி. ‘நாளைக்கு டெஸ்ட், மேல பதில் சொல்ற புரோகிராமை ஓட்டி வைக்கணும்னு உங்கண்ணன்கிட்ட சொல்லிடு’ என்று நேற்றே சொல்லியிருந்தான். அவளும் தலையாட்டியிருந்தாள். இப்போது செல்ஃபோனை எடுத்தான்.

“உங்கண்ணன்கிட்ட கேளு, அவர் பக்கம் புரோகிராம் ஓடுதான்னு.”

“இருங்க.”

வைத்த கை எடுப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டாள். “நல்லா ஓடுதாம். உங்க பக்கம்தான் ஏதோ கோளாறாம். ஒரு தடவை அணைச்சுட்டுப் போடச் சொன்னாரு.”

“எனக்கே பாடம் எடுக்கிறாரா?” என்று பல்லைக் கடித்தான். ஆனால் சர்வரை அணைத்துப் போட்டான்.

சனிக்கிழமையும் அதுவுமாக வேலைக்கு வந்திருந்த அக்கவுண்டன்ட் அம்மா மூலையிலிருந்து கத்தினார். “யாருப்பா பிரிண்டரை நிறுத்தினது? பாதிப் பேப்பர் உள்ள, பாதிப் பேப்பர் வெளிய!”

பதில் மட்டும் வரவில்லை. மறுபடி ஃபோன்.

“வயரையெல்லாம் கழட்டி, துணியால நல்லாத் துடைச்சு, திரும்ப சொருகணுமாம்.”

“துடைக்கணுமா? உங்கண்ணனா சொன்னாரு?”

“பின்ன நானா சொல்றேன்?”

கைக்குட்டையால் துடைத்தான். சொருகி முடித்து நிமிர்ந்தால் ஒரு வயர் மிச்சம். அவனுக்கு வாஷிங் மெஷின் ஞாபகம் வந்தது. அதற்குள் மேனேஜர் ரிசீவரைக் கையில் பிடித்தபடி அறை வாசலில் வந்து நின்றார்.

“என் ஃபோன் ஏன்யா செத்துப் போச்சு?”

“டெஸ்டிங் சார்... அதுல ஒரு பகுதி சார்.”

“எந்தப் பகுதி?”

மிச்ச வயரைச் சொருகியதும் ஃபோன் பிழைத்தது. கனெக்‌ஷன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தான். “கடைசியாக் கேளு. என் வேலையே போயிடும் போல இருக்குடி.”

இந்தத் தடவை அவள் கொஞ்சம் யோசித்தாற்போல் இருந்தது. “எல்லாத்தையும் துடைச்சு எறிஞ்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம். பதட்டப்படக் கூடாதாம். உங்களால முடியுமாம்.”

“மச்சான் அப்படிச் சொன்னாரா?”

“ம்... சொன்னாரு.”

காலையில் மாற்றியதையும் சேர்த்து, இருந்த அமைப்புகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக அழித்தான். பிரிண்டர் மறுபடி நின்றது. அக்கவுண்டன்ட் அம்மா பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டார். மேனேஜர் பின்னால் வந்து நின்று கழுத்தில் மூச்சு விட்டார். மாதிரி புரோகிராம்களை வந்தது வந்தபடியே ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு ‘வணக்கம்’ என்று தட்டினான்.

கண்ணைத் திறந்தால் திரையில் பதில்: ‘கிடைத்தது: வணக்கம்.’

மேனேஜர் அவனை நகர்த்திவிட்டுத் தானே தட்டினார். ‘சௌக்கியமா?’

‘கிடைத்தது: சௌக்கியமா?’

“அடேயப்பா, என்ன வேகம்! மேல்மாடியிலேருந்து வருதுன்னே தெரியலையே!” என்று முதுகில் தட்டினார். “திங்கட்கிழமை டைரக்டருங்க முன்னாடி இதையே காட்டிடு. அன்னிக்கே உன்னை நிரந்தரமாக்கிடலாம்.”

கனெக்‌ஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியைக் கூப்பிட்டான். “உங்கண்ணன் பெரிய மனுஷர்தான். நான்தான் வீம்பு புடிச்சுட்டேன். நேர்ல போய் தேங்க்ஸ் சொல்லப் போறேன்.”

“ஐயையோ, வேணாங்க! நானே சொல்லிக்கிறே...”

அவன் ஃபோனை வைத்துவிட்டு, பாதி மாடி ஏறியிருந்தான். எதிரே மச்சான் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்.

“மச்சான், மனசுல எதையும் வெச்சுக்காம இன்னிக்கு இவ்வளவு உதவி பண்ணீங்க. மறக்க மாட்டேன்.”

மச்சான் படியிலேயே நின்றுவிட்டார். “நான் என்ன உதவி பண்ணேன்? மேல ஏசி ரிப்பேர். காலையிலேருந்து பெரிய மெஷினை அணைச்சு வெச்சுட்டு, விசிறிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

கனெக்‌ஷன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “அப்போ... உங்க தங்கச்சிகிட்ட ஃபோன்ல சொன்னீங்களே, அதெல்லாம்?”

“அவகிட்டயா? உங்களை அன்னிக்கு அப்படிப் பேசினதுலேருந்து அவ என்கூட ஒரு வார்த்தை பேசுறதில்லையே, மாப்பிள்ளை!”