அறுபது பானை இருமல் மருந்து

ஒரு காட்டில், கரண்ட் வந்து புத்தி இன்னும் வந்து சேராத ஒரு காலத்தில், மாசாணி என்கிற கரடி தேன் விற்றுக்கொண்டிருந்தது.

காட்டுப் பண்டகசாலையில் இடப்பக்கத்து அலமாரி அதற்கு. வாங்க வருகிறவர்கள் பானைக்குள் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்கள். இது வேப்பம்பூத் தேனாச்சே, எனக்குப் புளியம்பூ எடு அக்கா என்பார்கள். விரல் இல்லாதவர்கள் நாக்கை விடுவார்கள். பாம்புக்கு மட்டும் கொட்டாங்கச்சியில் தனியாக ஊற்றிக் கொடுக்கிற வழக்கம். இதில் சுத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் தேன் என்று நினைத்து யாரும் வேறெதையும் வாங்கிக்கொண்டு போனதில்லை.

அந்த வருடம் அறுபது பானை சேர்ந்திருந்தது. மழைக்குள் விற்றுத் தீர வேண்டும். மழைக்காலத்தில் பண்டகசாலை ஒழுகும் என்று பூட்டிவிடுவார்கள்; மிச்சச் சரக்கை அவரவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கரடியின் குகையிலோ முழங்கால் அளவு தண்ணீர் ஏறும். தேனில் தண்ணீர் இறங்கினால் புளித்துவிடும். ஒரு வருடம் பாறை பாறையாக ஏறித் தேனீயிடம் கொட்டு வாங்கியதெல்லாம் வீண்.

அந்தச் சமயத்தில்தான் பண்டகசாலை மேனேஜர் ஞானசிகாமணி நகரத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பினார். கீரிதான், மேனேஜர் என்பதால் 'அவர்'. கையில் லேபிள் அடிக்கிற மெஷின், செங்கல் அளவு. பட்டனை அமுக்கினால் உறுமிக்கொண்டே லேபிளை நாக்கு மாதிரி வெளியே நீட்டும். கிழித்து ஒட்ட வேண்டியதுதான். மை வேண்டாம், பேனா வேண்டாம் என்று எல்லோரையும் கூட்டிவைத்து விளக்கினார். யோசனையும் வேண்டாம் என்பதை அவர் சொல்லவில்லை, பார்த்தவர்களே தெரிந்துகொண்டார்கள்.

பயிற்சியில் முதல் இரண்டு நாள் மெஷினின் பெருமை. மூன்றாம் நாள் சாப்பாடும் குரூப் போட்டோவும். நடுவில் ஒரே ஒரு தடவை மெஷினைத் தொடவிட்டார்கள். சொல்லிக்கொடுத்த ஆள் மாதிரிக்கென்று ஒரு லேபிளை அதற்குள் டைப் செய்து வைத்திருந்தான்: 'இருமல் மருந்து. குலுக்கிக் குடிக்கவும்.' ஞானசிகாமணி பட்டனை அமுக்கினார், அது வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அதை அழித்துவிட்டு வேறு எழுதுவது எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

ஊருக்கு வந்த அன்று எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். எழுத்து பெரிதானது, பிறகு சின்னதானது, ஒரு தடவை சுற்றிலும் பூ பார்டர்கூட வந்தது. வாசகம் மட்டும் அசையவில்லை. மறுநாள் உத்தரவு போட்டார்: லேபிள் இல்லாத எந்தப் பொருளும் அலமாரியில் இருக்கக் கூடாது.

துடைப்பத்துக்கு ஒட்டினார். கயிற்றுக்கு ஒட்டினார். முறத்தின் முதுகில் 'குலுக்கிக் குடிக்கவும்' என்று நேராக, அழகாக ஒட்டினார். அசந்து தூங்கிய ஒரு நத்தையும் இருமல் மருந்தானது. கரடியின் அறுபது பானைக்கும் வாயை மூடிக் குறுக்கே ஒட்டினார்.

இது தேன் என்று கரடி சொன்னது. அது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே என்றார் அவர். "எழுத்தைப் பார்க்காதே, மாசாணி. நேரா ஒட்டியிருக்கா, அதைப் பாரு."

மறுநாள் முயல் தேன் வாங்க வந்தது. வழக்கம்போல விரலை நீட்டினால் பானை வாயில் லேபிள். கிழித்தால் குற்றம். தேன் வேண்டும் என்று மேனேஜரைக் கேட்டது. அவர் பானையைப் படித்துப் பார்த்துவிட்டு, இங்கே தேன் இல்லை, மருந்துதான் இருக்கிறது என்றார்.

"உனக்கு இருமல் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நகரு."

முந்தின நாள் தன் கையால் ஒட்டியது அவருக்கு மறந்திருக்காது. ஆனால் அச்சில் வந்ததை மேனேஜரே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்? துடைப்பம் வாங்க வந்த நரியிடமும் இருமல் இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

காடு அந்த வருடம் ஆரோக்கியமாக இருந்து தொலைத்தது. இருபது நாளில் ஒரு தும்மல்கூட இல்லை. அறுபது பானையும் அசையாமல் இருந்தன. மேற்கு மலையில் மேகம் இறங்க ஆரம்பித்தது.

அன்றைக்குப் பார்த்துச் சோதனை அதிகாரி வந்தார். புலி. எல்லா விலங்குகளும் வரிசையில் நின்றன. புலி ஒவ்வொரு லேபிளாக நகத்தால் தடவிக்கொண்டே நடந்தார். சுருக்கம் இல்லை, கோணல் இல்லை, அடியில் காற்றுக்குமிழி இல்லை. இத்தனை ஒழுங்கான பண்டகசாலையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். ஞானசிகாமணி வாலைச் சுருட்டிக்கொண்டு வெட்கப்பட்டார்.

கரடிக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, ஐயா, இதெல்லாம் தேன், மருந்தென்று ஒட்டியதால் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னது. புலி ஒரு லேபிளை உரித்தார். நகத்தை உள்ளே விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். கரடிக்கு உயிர் வந்தது.

"தேன்தான்," என்றார் புலி.

"ஆமாங்கய்யா."

"அப்ப மருந்துன்னு ஒட்டின பானைக்குள்ள தேனை ஊத்தி வெச்சது யாரு?"

புலி பொறுமையாகவே விளக்கினார். லேபிள் மெஷினில் வந்தது, மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் தப்பு பானைக்குள் இருக்கிறது. கலப்படச் சரக்கை அன்றைக்கே ஓடையில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. உள்ளே இருப்பது மருந்தாக இருந்தால் பிரச்சினையே இல்லை.

"அவசரப்படாம சொல்லு. உள்ள என்ன இருக்கு?"

கரடி அறுபது பானையையும் பார்த்தது. மூக்கில் இன்னும் வற்றாத கொட்டு வீக்கத்தைத் தடவியது. மேற்கு மலையைப் பார்த்தது. பிறகு இருமியது.

முதல் இருமல் அவ்வளவு நன்றாக இல்லை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் நெஞ்சுச் சளியே கேட்டது. புலி தலையாட்டி, 'மருந்து' என்று எழுதிக்கொண்டார்.

வரிசைக் கடைசியில் நின்ற முயல் முட்டாள் இல்லை. அதுவும் இருமியது. நரி அதைவிடச் சத்தமாக இருமி ஒரு பானையும் ஒரு துடைப்பமும் வாங்கிக்கொண்டது. பாம்புக்கு இருமத் தெரியவில்லை. சீறியது, அதையே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். வரிசை நீண்டுகொண்டே போக, ஒவ்வொருவருக்கும் எப்படி இருமுவது என்று பக்கத்தில் நின்று கரடிதான் இருமிக் காட்டியது. பொழுது சாய்வதற்குள் ஐம்பத்தொன்பது பானை தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மழை பிடித்தது.

ஞானசிகாமணிக்குப் பதவி உயர்வு. இப்போது பக்கத்துக் காடுகளுக்குப் போய் மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறார்.

அறுபதாவது பானையைக் கரடி தனக்கே வைத்துக்கொண்டது. அத்தனை பேருக்கும் இருமிக் காட்டியதில் அதற்கு உண்மையாகவே தொண்டை கட்டிவிட்டது. குகை வாசலில் உட்கார்ந்து லேபிளை உரித்தது. குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை குலுக்கியது.

நீதி: லேபிள் ஒருபோதும் தப்பாக இருக்காது. அதற்குத் தகுந்த நோய் நமக்கு இன்னும் வராமல் இருக்கலாம்.