சிங்கம் குனியாது

தலைமைப் பண்புன்னு ஒண்ணு இல்லாமலே ஒரு குடிநீர் அலுவலகம் ஒழுங்கா வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இது எப்படியோ மேலிடத்துக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஊருக்குள்ள குழாய் உடைஞ்சா ஆள் போவாங்க, அடைப்பாங்க, திரும்பி வருவாங்க. யாரும் யாரையும் வழிநடத்தின மாதிரி தெரியலை. இது கவலைக்கிடமான நிலைமைன்னு மேலிடம் முடிவு பண்ணி, "பணியாளர்களின் நடத்தைப் பாணிகளையும் உள்ளார்ந்த பலங்களையும் கண்டறிந்து தலைமைத்துவத்தை மேம்படுத்தும் சிறப்பு முகாம்" நடத்தணும்னு ஆணை போட்டுச்சு. படிச்சு முடிக்கிறதுக்குள்ள மேலாளருக்கு மூச்சு வாங்கிடுச்சு. ஆனா முடிச்சதும் முகத்துல ஒரு களை.

அந்த மேலாளரைப் பத்தி இங்கயே சொல்லிடணும், அப்புறம் மறந்துடும். புதுசா எது வந்தாலும் முதல் ஆளா வாங்கிப் போட்டுக்கிற மனுஷன் அவரு. முந்தின வருஷம் "திறந்த கதவுக் கொள்கை"ன்னு ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. உடனே தச்சரைக் கூப்பிட்டு தன் அறைக் கதவையே கழட்டிட்டாரு. கொள்கை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மத்தியானம் சாப்பிட்டதும் அவரு நாற்காலியில சாய்ஞ்சு விடுற குறட்டை, வரி கட்ட வரிசையில நிக்கிற ஜனங்க வரைக்கும் கேட்டுச்சு. நிர்வாகம் வெளிப்படையா நடக்குதுன்னு அதுக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வந்துச்சு. சரி, அது கிடக்கட்டும். நம்ம ஆளுக்கு வருவோம்.

நம்ம ஆளு பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர். ரோட்டுக்கு அடியில இருக்கிற வால்வைத் திருகுறதுக்கு ஒரு நீளமான இரும்புச் சாவி உண்டு. அது எப்பவும் இவரு கையிலயே இருக்கும். அதனால அலுவலகத்துல அவரு சாவியண்ணன். உதவி மேலாளர் நாற்காலி ரொம்ப நாளா காலியா கிடந்துச்சு. வரிசைப்படி பார்த்தா அடுத்தது இவருதான். ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதுல உட்கார்ந்துடணும்னு ஆசை. அந்த ஆசை அவரை விட அவரு பெண்டாட்டிக்கு அதிகம்.

முகாமுக்கு ஒரு பயிற்சியாளர் வந்தாரு. மீசை முளைச்சு ரெண்டு மழை பார்த்திருக்காத வயசு. நாலு மேசை போட்டா நிறைஞ்சு போற அறையில, கன்னத்தோட ஒட்டின ஒலிவாங்கி வச்சுக்கிட்டுப் பேசினாரு.

"உலகத்துல மனுஷங்க நாலே வகைதான். சிங்கம், மயில், ஆந்தை, புறா. சிங்கம் கட்டளை போடும். மயில் எல்லாரையும் கவரும். ஆந்தை ஆராயும். புறா அனுசரிச்சுப் போகும். இதுல ஒண்ணு உசத்தி, ஒண்ணு தாழ்த்தின்னு கிடையாது. எல்லாமே சமம்."

"உதவி மேலாளர் ஆகறதுக்கு எது வேணும்?" மேலாளர் கேட்டாரு.

"சிங்கம்தான்."

கேள்வித்தாள் கொடுத்தாங்க. "நீங்கள் ஓர் அறைக்குள் நுழையும்போது முதலில் எதைக் கவனிப்பீர்கள்?"ன்னு ஒரு கேள்வி. எதிரியை, கண்ணாடியை, சுவரில் உள்ள விரிசலை, யாராவது நாற்காலியில்லாமல் நிற்கிறார்களா என்பதை, இப்படி நாலு பதில். சாவியண்ணன் யோசிச்சுப் பார்த்து உண்மையை எழுதினாரு. உண்மையை எழுதினா என்ன ஆகும்? சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சவரு செருப்பைக் கூட கழட்டலை.

"என்ன ஆச்சு?"ன்னு பெண்டாட்டி கேட்டா.

"புறா."

"எங்க?"

"நான்தான்."

அந்தம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தா. "எங்க அக்கா வீட்டுக்காரர் போன மாசமே சிங்கம் ஆயிட்டாராம். அவங்க அலுவலகத்துலயும் இந்தக் கூத்துதான். அக்கா போன் பண்ணி அரை மணி நேரம் பெருமை அடிச்சா. அந்த மனுஷன் கரப்பான்பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிக்கிற ஆளு. அவரே சிங்கம்னா உங்களுக்கு என்ன குறைச்சல்?"

"மறு தேர்வு ஒண்ணு இருக்காம்."

"அப்ப இன்னிக்கே ஆரம்பிப்போம். எங்க, என்னை அதட்டி ஒரு காபி கேளுங்க பார்ப்போம்."

சாவியண்ணன் நெஞ்சை நிமிர்த்தினாரு. "காபி கொண்டு வா." ஒரு நொடி விட்டு, "முடிஞ்சா."

"முடிஞ்சான்னு எந்தச் சிங்கமாவது கேக்குமா? திரும்பச் சொல்லுங்க."

"காபி கொண்டு வா. இல்லைன்னா…"

"இல்லைன்னா?"

"நானே போட்டுக்கறேன்."

அன்னிக்கு அவரே போட்டு ரெண்டு பேரும் குடிச்சாங்க.

இந்தக் கதை அவரு வீட்டுல மட்டும் நடக்கலை. அலுவலகத்துல எல்லாரு வீட்டுலயும் நடந்துச்சு. கணக்குப் பிரிவுல ஒரு அக்கா. அவங்களுக்கு ஆந்தைன்னு வந்துச்சு. "இது மட்டும் என் மாமியார் காதுல விழுந்துச்சுன்னா நான் அந்த வீட்டுல குடியிருக்க முடியுமா? ஏற்கனவே முழிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. தட்டச்சர் தம்பிக்கு மயில். அவன் முதல்ல சந்தோஷப்பட்டான். அழகா இருக்கோம்னு அத்தாட்சி கிடைச்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டான். மயிலுக்குப் பதவி உயர்வு கிடையாதுன்னு தெரிஞ்சதும் தோகையைச் சுருட்டிட்டான்.

மறு தேர்வுல அத்தனை பேரும் எதிரியைத்தான் முதல்ல கவனிச்சாங்க. காவலாளியிலிருந்து மேலாளர் வரைக்கும் எல்லாரும் சிங்கம். பயிற்சியாளருக்கு ஆனந்தக் கண்ணீர். "இப்படி ஒரு வளர்ச்சியை நான் எங்கயும் பார்த்ததில்லை"ன்னு சொல்லி, ஆளுக்கொரு சிங்கத்தலை போட்ட வில்லையைச் சட்டையில குத்தி விட்டாரு. மூணு விதியும் சொன்னாரு. சிங்கம் கேக்காது, சொல்லும். சிங்கம் செய்யாது, செய்ய வைக்கும். சிங்கம் குனியாது.

அதுக்கப்புறம் அந்த அலுவலகத்தைப் பார்க்கணுமே. போன் அடிக்கும். "எடு"ன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லுவாங்க. அடிச்சு அடிச்சு அதுவே ஓய்ஞ்சு போகும். யாரோ கை தவறி விட்ட பேனா ஒண்ணு நடு அறையில அப்படியே கிடந்துச்சு. எல்லாரும் அதை மரியாதையா சுத்திக்கிட்டுப் போனாங்க. கதவு கிட்ட ரெண்டு பேர் எதிரெதிரே வந்துட்டா போச்சு. சிங்கம் வழி விடாதே. கணக்கு அக்காவும் காவலாளியும் ஒரு தடவை மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடியிற வரைக்கும் அப்படியே நின்னாங்க. ரெண்டு பேரும் நல்ல மனசுக்காரங்க, கொண்டு வந்ததை நின்னுக்கிட்டே பகிர்ந்து சாப்பிட்டாங்க. ஆனா வழி மட்டும் விடலை.

நாற்காலிக்கு யாருன்னு முடிவு பண்ண கடைசியா ஒரு நடைமுறைத் தேர்வு. பயிற்சியாளர் ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து கவனிப்பாரு. அவரு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல, அலுவலகத்துக்கு முன்னாடியே பெரிய குழாய் வெடிச்சுச்சு.

எல்லாரும் வெளிய ஓடி வந்தாங்க. தண்ணி ஆள் உயரத்துக்குப் பீச்சி அடிக்குது. வால்வுக் குழி பக்கத்துலயே இருக்கு. சாவி சாவியண்ணன் கையிலயே இருக்கு.

"மூடு அதை"ன்னாரு மேலாளர், யாரையும் பார்க்காம.

"மூடச் சொல்லுங்க"ன்னு கணக்கு அக்கா காவலாளிகிட்ட சொன்னாங்க.

"நான் எப்பவோ சொல்லிட்டேன்"ன்னான் காவலாளி.

"யார்கிட்ட சொன்ன?"

"பொதுவா."

தட்டச்சர் தம்பி ஒரு விரலை நீட்டிக்கிட்டு நடுத்தண்ணியில நின்னான். "உடனடி நடவடிக்கை தேவை." சாவியண்ணன் கை துறுதுறுன்னு வந்துச்சு. ஆனா பக்கத்துலயே பயிற்சியாளர், கையில குறிப்பு அட்டையோட. அதனால இவரும் தொண்டையைச் செருமிக்கிட்டு, மேலாளரைப் பார்த்து, "மூடுங்க"ன்னாரு. முடிஞ்சான்னு சொல்லலை. சொல்லாம அடக்கினதுல கண்ணே கலங்கிடுச்சு.

தண்ணி கணுக்காலைத் தாண்டி, படி ஏறி, அலுவலகத்துக்குள்ள போச்சு. பழைய கோப்பு எல்லாம் மெதுவா மிதந்து வாசல் பக்கம் வந்துச்சு. பல வருஷமா நகராத கோப்பு அதெல்லாம்.

அப்பதான் சாவியண்ணன் சட்டைப்பையில போன் அடிச்சுச்சு. பெண்டாட்டி.

"தலைக்கு சீயக்காய் தேய்ச்சு நிக்கிறேன், குழாய்ல சொட்டுத் தண்ணி இல்லை. கண்ணு எரியுது."

"இங்க பெரிய குழாய் உடைஞ்சு எல்லாம் ரோட்டுல போகுது. இதை மூடினாத்தான் நம்ம பக்கம் ஏறும்."

"அப்ப மூடுங்க."

"தேர்வு நடக்குதும்மா. நான் இப்ப சிங்கம்."

மறுமுனையில இருந்து ரொம்ப நிதானமா ஒரு குரல் வந்துச்சு. "நீங்க சிங்கமா இருங்க, சிறுத்தையா இருங்க. கண்ணைத் திறக்க முடியாம ஒருத்தி நிக்கிறா."

சாவியண்ணன் போனைப் பையில போட்டாரு. வேட்டைக்கு வந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாரு. குனிஞ்சாரு. தண்ணிக்குள்ள கையை விட்டு மூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, தோள் வலிக்கத் திருகினாரு. பீச்சல் குறைஞ்சு, குறைஞ்சு, நின்னுச்சு.

யாரும் கை தட்டலை. நல்லா ஓடிக்கிட்டு இருந்த குதிரை தடுக்கி விழுந்தா பார்ப்பாங்களே, அப்படிப் பார்த்தாங்க.

"குனிஞ்சுட்டீங்களே"ன்னாரு பயிற்சியாளர். நெஜமாவே வருத்தம் அவருக்கு.

"குனியாம வால்வைத் திருக முடியாதே தம்பி."

"அது வால்வோட பலவீனம். நாம இங்க பேசறது உங்க பலத்தைப் பத்தி."

சிங்க வில்லையைக் கழட்டிட்டு, புறா வில்லையைக் குத்தினாங்க. நாற்காலி தட்டச்சர் தம்பிக்குப் போச்சு. வெள்ளத்துக்கு நடுவுலயும் நின்ன இடத்தை விட்டு நகராத "அசையாத் தலைமை"க்காகன்னு ஆணையில எழுதியிருந்துச்சு. அவன் செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு, அதான் நகரலை. அதெல்லாம் ஆணையில எழுதற விஷயமா?

சாவியண்ணனுக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை. மூணாம் நாள் பெண்டாட்டி, "போனாப் போகுது விடுங்க. எனக்குக் கண்ணு தெரியுது"ன்னா. அதுல அவருக்குப் பாதி பாரம் குறைஞ்சுச்சு. சரி, வால்வுக்கும் ஜனங்களுக்கும் நம்மளைத் தெரியும், அது போதும்னு கிளம்பினாரு.

ஒரு தெருவுல குழாய் கசியுதுன்னு புகார். சாவியோட போய் நின்னாரு. வில்லைச் சங்கதி முன்னாடியே ஊருக்குள்ள பரவியிருந்துச்சு. வாசல்ல நின்ன அம்மா அவரு முகத்தைப் பார்க்கலை, வில்லையைப் பார்த்தாங்க.

"இது என்ன பறவை?"

"புறாம்மா."

"பக்கத்துத் தெருவுக்குச் சிங்கம் வந்துச்சாமே. எங்க தெருன்னா அவ்வளவு இளக்காரமா?"

"நிமிஷ வேலைம்மா. திருகிட்டுப் போயிடறேன்."

"தொடாதீங்க. எங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்கு." அதுக்குள்ள எதிர்வீட்டுப் பெரியவரு, மாடிவீட்டுக்காரங்க எல்லாரும் கூடிட்டாங்க. புறாவைத் திருப்பி அனுப்பிட்டு, சிங்கம் வேணும்னு கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தாங்க.

சிங்கமும் வந்துச்சு. புது உதவி மேலாளர், பின்னால கையைக் கட்டிக்கிட்டு, கசிவைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு. "இது உடனடியாகச் சரி செய்யப்பட வேண்டும்"னு சொன்னாரு. தெருவே கை தட்டுச்சு. பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. அவரு வண்டி ஏறிப் போயிட்டாரு.

ஒரு வாரம் கழிச்சு சாவியண்ணன் அந்த வழியா வந்தாரு. கசிவு ஓடையாவே ஆயிருந்துச்சு. ஜனங்க துணியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, முகத்துல சிரிப்போட கடந்து போனாங்க. மனசு கேக்கலை அவருக்கு.

"இப்பவாவது மூடட்டுமா பெரியவரே?"ன்னு கேட்டாரு.

பெரியவரு முழங்கால் தண்ணியில நிமிர்ந்து நின்னாரு. "வேண்டாம் தம்பி. சிங்கம் வந்து பார்த்துட்டுப் போன தண்ணி. அப்படியே இருக்கட்டும்."