நான் பொட்டு வைத்த டவர்

கோபக்காரனாக இருப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. செய்வது சரியா தப்பா என்று யோசிக்க நேரமே இருக்காது. எனக்கு அந்தச் சௌகரியம் பிறவியிலேயே வாய்த்தது. பஸ் நிற்காமல் போனால் கோபம் வரும். நின்றால், ஏன் இவ்வளவு தள்ளி நிறுத்தினான் என்று கோபம் வரும். டெல்லிக்கு வேலைக்கு வந்த புதிதில் ஹிந்தி தெரியாமல் திண்டாடினேன். ஆனால் யாராவது என்னை ஏமாற்றப் பார்த்தால் மட்டும் தடுமாறாமல் வந்து கொட்டும். ("உங்களுக்கு ஹிந்தி வாத்தியாரே ஆட்டோக்காரங்கதான்" என்பாள் என் மனைவி வசந்தி.)

இப்படிப்பட்டவனை ஒரு போராட்டத்துக்குத் தலைவனாகப் போட்டால் என்ன ஆகும்? யாரும் போடவில்லை. நானாகவே போய் உட்கார்ந்துகொண்டேன்.

செல்போன் பணக்காரர்கள் பாக்கெட்டிலிருந்து எங்களைப் போன்றவர்கள் பாக்கெட்டுக்கு இறங்கி வந்துகொண்டிருந்த காலம் அது. துவாரகாவில் ஒரு சொசைட்டியில் (டெல்லியில் கூட்டுறவு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதுதான் பெயர்) மேல் மாடியில் குடியிருந்தோம். தலைக்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் ஆகாயம். ஆகாயம் பார்க்க ஆசைப்பட்டு மேல் மாடி கேட்டு வாங்கியதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். (குலுக்கலில் விழுந்தது. கீழ் மாடி கேட்டு நான் போட்ட சண்டை பலிக்கவில்லை.)

ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால், லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ். எங்கள் பிளாக் மொட்டை மாடியில் செல்போன் டவர் வரப்போகிறதாம். கரண்ட் போனால் டவர் படுத்துவிடக் கூடாது என்று கூடவே ஒரு டீசல் ஜெனரேட்டரும் மேலே ஏறப்போகிறதாம். கீழே சொசைட்டி செயலாளர் குப்தாவின் கையெழுத்து.

குப்தாவுக்குக் கோபமே வராது. என்ன திட்டினாலும் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர்களைக் கண்டால் எனக்கு இரட்டிப்பாக வரும்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க?" என்று அவர் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"அரே ராஜன் சாப், டென்ஷன் மத் லீஜியே." டென்ஷன் ஆகாதீர்கள் என்று ஒருவன் சொல்லும்போதுதான் நரம்பு புடைக்கிறது. "வாடகை வரும், எல்லாருக்கும் மெயின்டனன்ஸ் குறையும். சிக்னலும் ஃபுல்லா வரும். நல்லதுதானே?"

"அவ்வளவு நல்லதுன்னா உங்க தலைக்கு மேல வச்சுக்குங்க!"

"நான் தரைத்தளம். என் தலைக்கு மேல சர்மாஜி இருக்காரே!" என்று சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். கோபத்தோடு குடித்தேன். நல்ல டீ. அதற்கும் கோபம் வந்தது.

என் கோபத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. என் மகள் காவ்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு வீசிங் உண்டு. தீபாவளிப் புகையும் குளிர்காலப் பனியும் சேர்ந்தால் இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவாள். ஜெனரேட்டர் வைக்கப் போகும் இடம் அவள் அறைக்கு நேர் மேலே. பவர் கட்டுக்குப் பஞ்சமில்லாத ஊரில், டீசல் புகை ஜன்னல் வழியாக நேராக அவள் படுக்கைக்குத்தான் இறங்கும். என் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

வசந்தியின் உத்தரவு அப்படி. "பொண் குழந்தைங்க அவ. மூச்சு வாங்குதுன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிக்காதீங்க. நாளைக்கு ஒரு வரன் வந்தா?" ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வரப்போகும் வரனுக்காக நானும் வாயை மூடிக்கொண்டேன். (அரசாங்க ஆபீஸில் பொறுப்பான பதவியில் இருந்தவன் நான். என்ன புத்தி பாருங்கள்.)

ஆகவே காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக ஏறினேன். கதிர்வீச்சு வரும் என்றேன். கட்டடம் கனம் தாங்காது என்றேன். புறா போய்விடும் என்றேன். "போனா நல்லது, பால்கனி சுத்தமா இருக்கும்" என்றார்கள். உடனே புறாவை விட்டுவிட்டுச் சிட்டுக்குருவிக்கு மாறினேன். மூன்றாவது மாடி பிஷ்ட் ஆன்ட்டி மட்டும் முழு மனதோடு என் பக்கம் வந்தார். ரிட்டயர்டு பள்ளி ஆசிரியை. அவர் அதட்டினால் லிஃப்ட்கூட ஒழுங்காக நிற்கும். அவர் வந்ததும் பாதி சொசைட்டி பின்னாலேயே வந்தது.

குப்தா பணிந்து வந்தார். தசரா அன்று காலை பொதுக்கூட்டம், அதில் முடிவெடுக்கலாம் என்றார். "ஆனா ஒண்ணு, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நிறுத்தினாதான் கம்பெனி ஒத்துக்கும். ஆரம்பிச்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

அதற்குள் கம்பெனிக்காரன் ஒரு லாரி இரும்பைக் கொண்டுவந்து வளாகத்தில் கொட்டினான். சக்கர வண்டியில் ஜெனரேட்டரும் வந்து நின்றது. பீஹாரிலிருந்து வந்த ஒரு மேஸ்திரியும் சில ஆட்களும் அதன் நிழலிலேயே படுத்துக்கொண்டார்கள். நான் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன்: "இந்த இரும்பு ஒரு அடிகூட நகரக் கூடாது! சொசைட்டிக்காரங்க ஒருத்தரும் இதைக் கையால தொடக் கூடாது!" கைதட்டினார்கள். எல்லோரையும்விட பலமாகத் தட்டியவர் பிஷ்ட் ஆன்ட்டி.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆயுத பூஜை அன்று அவர் கண்ணில் படும் இரும்புக்கெல்லாம் பொட்டு உண்டு. எதிர்க்கடைக்காரனோடு வருஷம் முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் அன்று அவன் காற்றடிக்கும் பம்புக்கும் சந்தனம் போய்ச் சேரும். எனக்கு வந்த ஒரே சொத்து அந்தப் பழக்கம்தான். டெல்லியிலும் விடவில்லை. ஸ்கூட்டரில் தொடங்கி லிஃப்ட் மோட்டார், தண்ணீர் பம்பு, வாட்ச்மேன் சைக்கிள், மரத்தடியில் துணி தேய்ப்பவரின் இஸ்திரிப் பெட்டி என்று சொசைட்டி முழுக்க ஒரு சுற்று வருவேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய பொரியும், வசந்தி செய்த சுண்டலும் எல்லா வீட்டுக்கும் போகும்.

அன்று காலையும் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், தேங்காய் சகிதம் கிளம்பினேன். காவ்யா கூட வரவில்லை. நவமி அன்று டெல்லிக்காரர்கள் சின்னப் பெண் குழந்தைகளைத் தேவியாக நினைத்து வீட்டுக்குக் கூப்பிட்டுக் காலைக் கழுவி, பூரியும் அல்வாவும் கொடுப்பார்கள். அவள் வீடு வீடாகத் தேவியாகிக்கொண்டிருந்தாள்.

சுற்றை முடித்துத் திரும்புகிறேன், ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து மேஸ்திரி கைகூப்பிக்கொண்டு வந்தார்.

"பாபுஜி, ஹமாரா பீ கர் தீஜியே." எங்களுக்கும் செய்யுங்கள் என்கிறார்.

மறுத்திருக்க வேண்டும். போராட்டத் தலைவன் மறுத்திருப்பான். ஆனால் தட்டோடு நிற்கும் சைக்கிள் கடைக்காரர் மகனிடம் ஒரு தொழிலாளி, தன் இரும்புக்குப் பொட்டு கேட்கிறான். எப்படி மறுப்பது? ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்த்தேன். தலை முதல் கால் வரை தூசி. அவ்வளவுதான், வந்துவிட்டது கோபம்.

"இதென்ன லட்சணம்? சோறு போடுற மிஷினை இப்படியா வச்சிருப்பீங்க? துடைங்க! தண்ணி கொண்டாங்க! அந்தப் பக்கம் யாரு துடைப்பா, உங்க மொதலாளியா?"

ஆட்கள் ஓடினார்கள். என் வீட்டு வாளியில், என் வீட்டுத் தண்ணீரில், நானே மேற்பார்வை பார்த்து ஜெனரேட்டரைக் குளிப்பாட்டினேன். பளபளவென்று ஆனதும் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். இரும்புத் தூண்களுக்கு வரிசையாகப் பொட்டு. கற்பூரம் காட்டினேன். தேங்காயை ஒரே போடாகப் போட்டேன், சரிபாதியாக உடைந்தது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த சொசைட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வைத்தால் அது நசுங்கியாக வேண்டும் அல்லவா?

"ஹூம், தள்ளுங்க! நல்லா தள்ளுங்க! பழம் நசுங்கணும்!"

தள்ளினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். ஜெனரேட்டர் கம்பீரமாக உருண்டுபோய், மொட்டை மாடிக்குச் சாமான் ஏற்றக் கட்டியிருந்த கப்பிக்கு நேர் கீழே நின்றது.

நிமிர்ந்தபோது குப்தா கேமராவோடு நின்றிருந்தார். "பஹுத் படியா, ராஜன் சாப்" என்றார். ரொம்பப் பிரமாதமாம். கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கும் சுண்டல் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சத்தியமாக எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஷாமியானா போட்டுக் கூட்டம். நான் எழுந்து என் கோப ஹிந்தியில் வெளுத்து வாங்கினேன். உரிமை என்றேன், சட்டம் என்றேன், சிட்டுக்குருவி என்றேன். குப்தா ஒரு கவரைப் பிரித்தார். முந்தின நாளே அவசரமாகக் கழுவி வாங்கிய போட்டோக்களை முதல் வரிசையில் கொடுத்து, அப்படியே பின்னால் அனுப்பச் சொன்னார். நான் பேசப் பேச வரிசை வரிசையாகச் சிரிப்பு கேட்டது. போட்டோவில் நெற்றி நிறைய விபூதியோடு, டவர் இரும்புக்கு முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்ததில் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"வேலைக்கு முஹூர்த்தம் பண்ணினதே ராஜன் சாப்தான்" என்றார் குப்தா, அன்பாக.

"அது முஹூர்த்தம் இல்லை!" என்று அலறினேன். "அது ஆயுத பூஜை! உங்களுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு! பூஜையில வச்சதைத் தொடவே கூடாது. மறுநாள் விஜயதசமியிலதான் எடுத்து வேலையை ஆரம்பிக்கணும். அன்னைக்கு ஆரம்பிச்சாதான் அது ஜெயிக்கும்!"



"அச்சா," என்றார் குப்தா. "ஆஜ் தசரா ஹை நா?" இன்றைக்குத்தானே தசரா?

அவர் பார்த்த பக்கம் எல்லோரும் பார்த்தோம். நான் பொட்டு வைத்த இரும்புத் தூண் ஒன்று, கயிற்றில் ஆடிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டார்.

பிஷ்ட் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பூஜை நடந்தாச்சு, பிரசாதமும் சாப்பிட்டாச்சு. இனிமே நிறுத்தினா அபசகுனம், ராஜன்" என்றார். சாப்பிட்டது வசந்தி செய்த சுண்டல். நான் வசந்தியைப் பார்த்தேன். "தொட்டுக் கும்பிட்டுட்டுத் துரத்தி அடின்னா யாருங்க கேப்பா?" என்றாள்.

டவர் வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என் கை மட்டும் மேலே நின்றது. கோபம் போன இடம் தெரியவில்லை. காவ்யாவின் அறை ஜன்னலும் அதில் இறங்கப் போகும் புகையும்தான் கண்ணுக்குள் நின்றன. என் வாழ்க்கையில் எனக்கு ஹிந்தியும் வராமல், தமிழும் வராமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

அப்போது வசந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவ்யா எழுந்தாள். டெல்லியில் பிறந்த பெண், ஹிந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"குப்தா அங்கிள், டவர் இருக்கட்டும். ஜெனரேட்டரை மட்டும் வேற எங்கயாவது வைக்கிறீங்களா? அது என் ரூமுக்கு மேல வருது. புகை வந்தா எனக்கு மூச்சு விட முடியாது. அதான் அப்பா கத்தறாரு."

பிஷ்ட் ஆன்ட்டி எழுந்து நின்றார். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று என்னைப் பார்த்து ஒரு அதட்டல். நான் வசந்தியைப் பார்த்தேன். வசந்தி ஷாமியானாவின் கூரையைப் பார்த்தாள். ஆன்ட்டி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நேத்து நாம காலைக் கழுவிக் கும்பிட்ட குழந்தை இது. இன்னைக்கு அது தலைமேல புகை விடுவோமா? குப்தாஜி, ஜெனரேட்டர் கேட் பக்கத்துல நிக்கும். முடிஞ்சது."

கேட் பக்கத்தில் என்றால் குப்தாவின் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரில். அந்த மனிதர் சிரிக்காமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். ஆனாலும் தலையாட்டினார். அவர் வீட்டிலும்தான் காவ்யா தேவியாக உட்கார்ந்து அல்வா சாப்பிட்டிருந்தாளே.

நான் மாதக்கணக்கில் கத்திச் சாதிக்காததை, என் மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்த நேரத்தில் சாதித்துவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டவர் இன்றும் நிற்கிறது. விஜயதசமியில் ஆரம்பித்த வேலை, வீண்போகுமா? ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்லும்போது எங்கள் சொசைட்டியில் எல்லோரும் "ராஜன் சாப் டவர்" என்றுதான் சொல்கிறார்கள். காவ்யாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. (வீசிங் விஷயத்தை முதல் சந்திப்பிலேயே மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாளாம். "எனக்கும் உண்டு" என்றாராம் அவர்.) ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தவறாமல் போன் பண்ணுவாள்.

"அப்பா, சிக்னல் சூப்பரா இருக்கு. உங்க பிள்ளைக்குப் பொட்டு வச்சாச்சா?"

பின்னால் மாப்பிள்ளை சிரிப்பது கேட்கும். எனக்குப் பொத்துக்கொண்டு வரும். "வேற வேலை இல்ல?" என்று கத்திவிட்டுப் போனை வைப்பேன். வைத்துவிட்டு, வசந்தி பார்க்காத நேரமாகப் பார்த்து, சந்தனக் கிண்ணத்தையும் ஒரு ஈரத்துணியையும் எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போவேன். என்ன செய்வது, அந்த ஜெனரேட்டரை இன்றைக்கும் ஒருத்தனும் துடைப்பதில்லை.