முதல் பரிசு வாங்கிய மாமரம்

ஒரு காட்டில் மிருகங்கள் எல்லாம் வீடு கட்டிக்கொண்டு, கொல்லையில் ஆளுக்கொரு மரம் வளர்த்து வந்தன. வளர்த்தன என்றால், மரம் தானாக வளர்ந்தது. இவை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன.

வேலாண்டி என்ற கரடியின் கொல்லையில் ஒரு மாமரம். அதன் மேல்பொந்தில் பவுனு என்ற மரங்கொத்தி மூன்று முட்டைகளை அடைகாத்து வந்தாள். ஒருநாள் இரை தேட இறங்கியவள், அடிமரத்தில் ஓர் ஓட்டையையும், அதன் கீழே ரவையைக் கொட்டியதுபோல் மரத்தூளையும் பார்த்துப் பதறிப்போனாள்.

“வேலாண்டி அண்ணே, தண்டைத் துளைக்கிற புழு உள்ள இருக்கு. தூள் கொட்டுது பாருங்க. மேல ஒரு கிளை காயவும் ஆரம்பிச்சிடுச்சு.”

“அது கண்ணு பட்டதும்மா. திருஷ்டிப் பூசணிக்காய் கட்டியாச்சு.”

“பூசணிக்காய்க்குப் புழு பயப்படாதுண்ணே. நான் கொத்தி உருவிடுறேன், ஓட்டையைக் களிமண் வச்சு அடைச்சிடலாம். காஞ்ச கிளையை மட்டும் வெட்டி எரிச்சிடுங்க. அரை மணி நேர வேலை. விட்டா மரம் உங்க அடுப்படி மேல சாயும். என் முட்டையும் போயிடும்.”

“அடுத்த வாரம் சிறந்த கொல்லை மரப் போட்டி. இப்பப் போய் மரத்துல கொத்துன தடம் விழலாமா? வாரியத்துல அனுமதி வாங்கிட்டு வா.”

பவுனு மர வாரிய அலுவலகத்தில் நாலு நாள் வரிசையில் நின்றாள். எருமை அலுவலர் நீட்டிய விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம்: ‘வெளியேற்றப்படுபவரின் சம்மதக் கையெழுத்து.’

“யாரோட கையெழுத்துங்க ஐயா?”

“புழுவோடதுதான். நாளைக்கு அது கேஸ் போட்டா நானா பதில் சொல்றது?”

பவுனு விண்ணப்பத்தை ஓட்டைக்குள் நீட்டினாள். புழு அதையும் தின்றது.

இதற்குள் வேலாண்டி அலங்காரத்தில் இறங்கிவிட்டான். வேருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காதபடி அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் மேடை கட்டி டைல்ஸ் பதித்தான். உள்ளே புழு இருக்க, ஓட்டையைச் சிமெண்டால் பூசினான். அதன் மேல் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்தான். காய்ந்த கிளையில் சீரியல் பல்பு தொங்கவிட்டான். புழுவுக்கு இதைவிடப் பத்திரமான வீட்டை யாரும் கட்டித் தந்திருக்க முடியாது.

எருமை அலுவலர் காரில் இருந்தபடியே மரத்தைப் பரிசோதித்து முதல் பரிசு அறிவித்தார். பரிசுப் பலகையை நாலு அங்குல ஆணியால் மரத்திலேயே அடித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் காற்றடித்தது. ஈரத்துணியைக்கூடக் காயவைக்காத காற்று அது. மரம் முறிந்து அடுப்படி மேல் விழுந்தது. மூன்று முட்டைகளும் உடைந்தன.

வாரியம் உடனே விசாரணை வைத்தது.

“மரத்துக்குள்ள புழு இருக்குன்னு முன்னாடியே யாருக்குத் தெரியும்?” என்றார் எருமை.

“பவுனுக்குத்தாங்க. எந்தக் கிளை காயும், மரம் எங்க விழும்னு வரைக்கும் சொன்னா,” என்றான் வேலாண்டி.

“அதிகாரிங்க எங்களுக்கே தெரியாதது இவளுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்குன்னா, செஞ்சதும் இவதான்.”

இனி எந்த மரத்திலும் பவுனு கொத்தக் கூடாது என்று உத்தரவானது.

முறிந்த மரத்திலிருந்து கொழுகொழுவென்று வெளியே வந்த புழுவை, மரத்தின் உள்விவரம் தெரிந்த ஒரே ஆள் என்று மர நல ஆலோசகராக நியமித்தார்கள். வேலாண்டி புதுக் கன்று வைக்கக் குழி தோண்டினான். ஆலோசகர் வந்து பார்த்துவிட்டு, “அருமையான இடம். சீக்கிரம் வைங்க,” என்றது.

நீதி: மரத்தில் புழுவைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு வேறு மரத்துக்குக் குடிபோய்விடு. கண்டதைச் சொன்னால் உனக்கு விசாரணையும் புழுவுக்கு உத்தியோகமும் கிடைக்கும்.