ஆம்பூர் நேவியின் அதிவேகக் கப்பல்

ஆழமில்லாத கரையோரக் கடலில் அதிவேகமாகப் பாய்கிற போர்க்கப்பல்களைப் பற்றி, கடற்படைக்கு வெளியே, நேவி என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவரைவிட அதிகம் தெரிந்த மனிதர் இந்தியாவில் கிடையாது. கடற்படைக்கு உள்ளே அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நேவி வேலை பார்த்தது ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில். கடலைப் பார்க்க அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். நேவி ஒருமுறை ஏறிப் போய்ப் பார்த்தார். அலை ஜாஸ்தி, காற்று ஜாஸ்தி, நமக்குச் சரிப்படாது என்று அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார்.

நான் ஒரு நாளிதழின் நிருபராக ஆம்பூரில் இருந்தபோது அவருடைய வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருக்கு வேறு பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வாலிப வயதில் கடற்படையில் சேரப் போயிருக்கிறார். உயரம், மார்பு, கண் எல்லாவற்றிலும் தேறியவரை, கடைசியில் ஒரு டாக்டர் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார். தட்டைப் பாதம்.

"கால் சரியில்லன்னு அனுப்பிட்டாங்க சார். சரி, காலுக்கே வேலை செய்யலாம்னு ஷூ கம்பெனிக்கு வந்துட்டேன்" என்பார். வருத்தமெல்லாம் இல்லை. அந்த டாக்டரின் அறியாமையை நினைத்துக் கொஞ்சம் பரிதாபம் மட்டும் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் தட்டையாக இருப்பதுதான் ஓடும் என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தத்தை அவர் கம்பெனி கேன்டீனில் தினமும் நிரூபித்தார். தட்டில் ரசத்தை ஊற்றினால் அது வங்காள விரிகுடா. இட்லி, பெரிய போர்க்கப்பல். அதைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வருவார். தரை தட்டி நிற்கும். "பார்த்தீங்களா? எதிரி இங்க நிக்கறான். நம்ம கப்பல் அங்கயே குந்திக்கிச்சு. இன்னா பண்ணுவீங்க?" எதிரில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் ஓர் அப்பளத்தை ரசத்தின் மேல் விரலால் சுண்டிவிடுவார். அப்பளம் வழுக்கிக்கொண்டு மறுகரை சேரும். ஒருநாள் கட்டிங் செக்‌ஷன் ஆள் ஒருவர், அப்பளம் ஊறிப் போகிறதே நேவிண்ணா என்று கேட்டுவிட்டார். "ஊறட்டும்யா. அதுக்குள்ள சண்டை முடிஞ்சிடும்."

கம்பெனி அவரைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வரும் ஆட்களுக்கு அவர் செய்த சாம்பிள்கள் பிடித்தன. ஒருமுறை பெண்களுக்கான கூர்மூக்கு ஷூ ஒன்றைச் செய்து வைத்திருந்தார். வந்த வெள்ளைக்கார அம்மாள் அந்த மூக்கைத் தடவிப் பார்த்து, எங்கிருந்து இப்படி ஒரு யோசனை வந்தது என்று வியந்தார். அது அலையைக் கிழிக்கும் முகப்பு, ரேடாரிலும் லேசில் தெரியாது என்று நேவி விளக்கினார். மேனேஜர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, ஆர்டர் கிடைத்தது. ஏதோ ஒரு நாட்டில் இன்றைக்கும் சில பெண்மணிகள் ரேடாரில் தெரியாமல் கடைவீதிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.

நேவியின் மனைவி மல்லிகா அதே கம்பெனியில் செக்கர். தைத்து முடித்து வரும் ஷூக்களை இடது வலது ஜோடி சேர்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஸ்டிக்கர் தாள் கைப்பையிலேயே இருக்கும். மாடிப்படியில் போகும்போது என் சட்டைக் காலரில் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்து ஒன்று ஒட்டிவிட்டார். அதைக் கவனிக்காமல் நான் கலெக்டரின் பத்திரிகையாளர் சந்திப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டு வந்தேன்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் நேவி கப்பல் கட்டத் தொடங்கினார்.

படகு மாதிரி ஒல்லியான இரண்டு உடல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மேலே பலகை போட்டு, பின்னால் பைக் இன்ஜினில் ஒரு பெரிய காற்றாடி. ஒருவர் உட்காரலாம். முழங்கால் தண்ணீர் போதும், அம்பு மாதிரி போகும் என்றார். உடல்களுக்கு ஃபைபர். ஒட்டுவதற்கு ஷூ அடிப்பாகத்துக்குப் போடும் சொல்யூஷன். அந்த வாசனையில் சில மாதங்கள் மாடி கீழ் இரண்டு வீட்டாரும் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தோம்.

மல்லிகா அந்தக் கப்பலைப் பார்ப்பதில்லை என்று தீர்மானம் செய்திருந்தார். அது ஹாலை முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் இது லேசான காரியமல்ல. பழைய பெட்ஷீட்களைப் போர்த்தி, தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பார். பீரோவை ஒரு சாண் அகலத்துக்குமேல் திறக்க முடியாது. கையை மட்டும் உள்ளே விட்டு அகப்பட்ட புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு நாள் கையில் நேவியின் வேட்டி வந்தது. அன்று சாயங்காலம் என்னைச் சாட்சிக்குக் கீழே கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க கேட்டுக்கோங்க. இது ஏரில நேரா அக்கரைக்குப் போச்சுனா ஊட்ல இருக்கட்டும். போவலனா அங்கிருந்தே காயலாங்கடை. அப்புறம் கப்பல்னு இந்த மனுஷன் வாயே தொறக்கக் கூடாது."

நேவி ஒரு நிமிடம் பெட்ஷீட்டைப் பார்த்தார். கப்பலைப் பற்றிப் பேசாத நேவி எப்படி இருப்பார் என்று எனக்கும் யோசித்துப் பார்க்க முடியவில்லை. பிறகு கையை நீட்டி மனைவியின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்த வருஷம் மழை நன்றாக இருந்தது. ஏரியில் தண்ணீர் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானை வண்டியில் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போய், கரையில் வைத்து மாட்டினார்கள். கம்பெனியில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மல்லிகா மட்டும் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நேவி ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து இன்ஜினை உதைத்தார். காற்றாடி சுழன்றது. கப்பல் உண்மையிலேயே கிளம்பிவிட்டது. நான் எதிர்பார்க்காத வேகம். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சீறிக்கொண்டு போனது. எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அது அழகாக வளைந்து திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்தது. நிற்கவில்லை. மறுபடி போய் மறுபடி வந்தது. கிட்டே வரும்போதெல்லாம் நேவி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. மரியாதைக்கு நாங்களும் கையசைத்தோம்.

கரையில் கருத்துகள் பெருகின. காற்று மேற்கே அடிக்கிறது என்றார் ஒருவர். எலுமிச்சம்பழம் நசுக்காமல் எடுத்ததுதான் கோளாறு என்றார் இன்னொருவர். எதிரியைச் சுத்திச் சுத்தியே பேஜார் பண்ணிடும் போல என்று குட்டியானை டிரைவர் சொன்னதற்குச் சிரிப்பு பலமாக இருந்தது. பெட்ரோல் தீர்ந்து நேவி இறங்கி, முழங்கால் தண்ணீரில் கப்பலைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

சத்தியத்தை வசூலிக்க மல்லிகா மரத்தடியிலிருந்து வந்தார். ஜெயித்தவர் ஆயிற்றே, கரையேறிக் கிடந்ததை முதல்முறையாகப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கை தானாகக் கைப்பைக்குள் போனது. ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து வலப்பக்க உடலின் மூக்கில் ஒட்டினார்.

"ரெண்டும் லெஃப்ட்டு."

ஏரிக்கரையில் நின்றவர்கள் எல்லோரும் ஷூ கம்பெனி ஆட்கள். சொன்ன பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நேவி இரண்டு உடல்களையும் ஷூ மாதிரியே ஒரு பக்கம் வளைத்துச் செய்திருந்தார். ஆனால் சாம்பிள் செக்‌ஷனில் செய்வது எப்போதும் ஒற்றைக் கால்தான், அதுவும் இடது. ஜோடி போடுவது வேறு செக்‌ஷன் வேலை. தோல் வெட்டும்போது மாதிரி அட்டையைப் புரட்டிப் போட்டால் வலது கிடைத்துவிடும். ஃபைபர் அச்சைப் புரட்ட முடியாது. அந்தப் பழக்கத்தில் ஒரே அச்சில் இரண்டை எடுத்துவிட்டார். இரண்டு இடது காலைப் போட்டுக்கொண்டு அந்தக் கப்பலும் பாவம் வேறு எப்படிப் போகும்?

நேவி தன் கால்களைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். "காயலாங்கடைக்காரருக்கு நானே போன் பண்ணிட்றேன் மல்லி" என்றார்.

"எதுக்கு?"

"நேரா போவலியே."

மல்லிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இது கணவர் மேல் வந்த கோபமல்ல, தொழில் கோபம்.

"ஜோடி சேராத சரக்குக்கு டெஸ்ட்டே கிடையாதுங்க. இத்தினி வருஷம் கம்பெனில இன்னா கத்துக்கினீங்க? இது ரிஜெக்ட் இல்ல, ரிப்பேர். போய் ரைட்டு ஒண்ணு செஞ்சு எடுத்துனு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அன்றிலிருந்து பெட்ஷீட் போனது. வேலை முடிந்து வந்ததும் மல்லிகா ஹாலில் உட்கார்ந்து வலது உடலை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். முதலில் செய்ததை, ஓரம் சீராக இல்லை என்று அவரே கழித்துக் கட்டினார். இரண்டாவதில் மூக்கு இடதைவிட நூலளவு கம்மி என்றார். நேவி மாடிக்கு வந்து என்னிடம் முறையிட்டார். "நேவில சேர்ந்திருந்தாகூட இவ்ளோ கஷ்டம் இருந்திருக்காது சார்." ஆனால் முகம் பூரித்திருந்தது. அவருடைய பேச்சை வீட்டில் ஒருவர் கேட்க ஆரம்பித்திருந்தார்.

தண்ணீர் வற்றுவதற்குள் மறுபடி ஏரிக்குப் போனோம். இந்த முறை கூட்டமில்லை. நாங்கள் மூன்று பேரும் வண்டி டிரைவரும்தான். கப்பல் கிளம்பியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. நடு ஏரியைத் தாண்டியது. அக்கரை வந்தும் அது நேராகத்தான் போனது. நிறுத்துவதற்கு என்ன வழி என்பதை நேவி யோசித்திருக்கவில்லை. கோரைக்குள் புகுந்து, ஒரு கொக்குக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு, கேழ்வரகுக் கொல்லையின் வரப்பில் ஏறி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கோரைக்கு மேலே ஹெல்மெட்டும் ஒரு கையும் தெரிந்தன.

நான் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தார். புடவை நனைவதைக் கவனிக்காமல் பாதி ஏரிவரை போய், அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல மல்லி. போச்சா இல்லியா?"

"போச்சுங்க, போச்சு. வாங்க."

இப்போது நான் சென்னையில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறேன். மாதக்கணக்கில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஆம்பூரிலிருந்து போன் வரும். ஏரியில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று மல்லிகா சொல்வார். ஆபீசில் என்ன தலைபோகிற வேலை இருந்தாலும் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவேன்.