பை நனையவில்லை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். அங்கே நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். என் மனைவியும் மகளும் உங்கள் வீட்டில் இருப்பதால், அவர்களுடைய நலத்தை நீங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். "அண்ணனைப் பாத்து ரொம்ப நாளாச்சு, அதான் வந்தேன்" என்று உங்கள் தங்கை சொல்லியிருப்பாள். அது உண்மையல்ல. நடந்ததை அவள் வாய் திறந்து சொல்லவும் மாட்டாள், என் மானத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை. ஆகவே என் மானத்தை நானே வாங்கிக்கொள்ளத் தீர்மானித்து இதை எழுதுகிறேன்.

நான் பெயிண்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி என்பது நீங்கள் அறிந்ததே. தீப்பிடித்தால் எந்தப் படி வழியாக ஓடுவது, ஓடும்போது சாப்பாட்டு டப்பாவைத் தேடக் கூடாது என்பதையெல்லாம் வாராவாரம் விசில் ஊதிச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. "பொருளை விடு, ஆளைப் பிடி" என்று எங்கள் தொழிற்சாலைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறதே, அது என் சொந்த வாசகம். அதன் கீழே என் பதவியையும் எழுதச் சொன்னேன். இப்போது அந்தச் சுவரைக் கடக்கும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

விடுமுறைக்கு ஆற்றில் துடுப்புப் படகில் போய், கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அதற்காகச் சாமான் வாங்கக் கடைக்குப் போனவன், கடையையே வாங்கி வந்துவிட்டேன். கையடக்க கேஸ் அடுப்பு, நெற்றியில் கட்டும் விளக்கு, உருட்டினால் தலையணை அளவாகிவிடும் படுக்கை, இத்தனையையும் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டினால் தண்ணீர் புகாத ஒரு சிவப்புப் பை. எல்லாவற்றுக்கும் மேலாக, தானே விரியும் கூடாரம். "வாரை மட்டும் கழட்டுங்க சார், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்" என்றார் கடைக்காரர். வீட்டுக் கூடத்தில் வாரைக் கழற்றினேன். மின்விசிறியின் ஓர் இறக்கை உட்பட மிச்சத்தை அதுவே பார்த்துக்கொண்டது. விரித்ததை மடக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. சமையலறைக்குப் போக, கூடாரத்தின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறினோம். கடைசியில் உங்கள் தங்கைதான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, மகள் வாரை மாட்டி, ஒருவழியாக அடக்கினார்கள்.

ஆற்றங்கரையில் இருவரையும் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தேன். படகு கவிழ்ந்தால் என்ன செய்வது, யாரை யார் பிடிப்பது, எப்படிக் கூப்பிடுவது எல்லாம். மகள், "அப்பா, பசிக்குது, சீக்கிரம் கவிழ்ந்துடலாமா?" என்றாள். அவளைக் கண்டித்தேன். உயிர்காப்புச் சட்டையை இருவருக்கும் மாட்டி, பட்டைகளை இழுத்துச் சரிபார்த்தேன். ஒரு மிதவை மிச்சமிருந்தது. அதைச் சிவப்புப் பைக்குக் கட்டினேன். மகள் முன்னால், உங்கள் தங்கை நடுவில், துடுப்போடு நான் பின்னால். வெயில் இதமாக இருந்தது, தண்ணீர் அமைதியாக இருந்தது, உங்கள் தங்கை கல்யாணமான புதிதில் முணுமுணுத்த ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். கூடாரத்துக்குள் ஈரம் இறங்கியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். "என்னங்க, அதைத் தொடாதீங்க" என்று அவள் திரும்புவதற்குள் வாரைக் கழற்றிவிட்டேன்.

அது விரிந்து, உங்கள் தங்கையைத் தாண்டிப் பாய்ந்து மகளின் தலையை விழுங்கியது. நான் எழுந்து நின்றேன். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று சற்று முன்புதான் இரண்டு தடவை சொன்னவன் நான். கவிழ்ந்தோம்.

மச்சான், இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படியுங்கள். தண்ணீரில் உங்கள் தங்கை ஒரு பக்கம் தத்தளிக்கிறாள், சிவப்புப் பை ஒரு பக்கம் மிதந்து போகிறது. அவள் "என்னங்க!" என்று கத்தினாள். நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பை கிடைச்சிடுச்சு, கவலைப்படாதே!" என்று பதிலுக்குக் கத்தினேன். சந்தோஷமாகவே கத்தினேன். கூடாரத்திலிருந்து தலையை உருவிக்கொண்டு வந்த மகள்தான் அவளைப் பிடித்து, "அம்மா, காலை ஊன்றி நில்லும்மா, இடுப்பளவுதான்" என்று நிறுத்தினாள். என்னையும் நிற்கச் சொன்னாள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

கரையேறியதும் உங்கள் தங்கை தலையைத் துவட்டிக்கொண்டே, "பை நனையலையே?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. மடையன் நான், திறந்து காட்டி, "ஒரு சொட்டுகூட இல்ல!" என்றேன். வீடு திரும்பும் வழியில், "கோபமா?" என்று கேட்டதற்கு, "பரவாயில்ல விடுங்க" என்றாள். மறுநாள் காலை உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. விபத்து அறிக்கை எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதற்றத்தில் மனிதனின் கை பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும், வேண்டியதை அல்ல. பை பக்கத்தில் இருந்தது, அவள் எட்டத்தில் இருந்தாள். கை தானாகப் போனது, மனம் போகவில்லை. இதை உங்கள் பாணியில் பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. திங்கட்கிழமை பயிற்சியில் வாசகத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், "எல்லாரும் சுவரைப் பாத்துப் படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் புது கேஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்துக் குடிக்கிறேன். அடுப்பு நன்றாக எரிகிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள். ஆசி கூறும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்தேன். பை பக்கத்தில் இருந்தது என்று எழுதியது பொய். பக்கத்தில் இருந்தவள் அவள்தான். கவிழும்போது அவள் கையைச் சரியாகப் பிடித்திருந்தேன், பயிற்சியில் சொன்னபடியே. பை நகர்வதைப் பார்த்துத்தான் விட்டேன். விட்டது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், மகளுக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் பக்குவமாக எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் அவள் கையில் கொடுங்கள். படித்துவிட்டுத் திட்டினால் எனக்குப் போன் செய்யுங்கள், ஓடி வருகிறேன். மறுபடி "பரவாயில்ல விடுங்க" என்று சொன்னால், போன் செய்யாதீர்கள். அப்போதும் வருகிறேன், ஆனால் வாசலில் நிற்க எனக்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும்.